பெயர் இல்லாத பட்டியலிலிருந்து ஊர்க்கூடல் வரை: அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வம்சத்தை மீட்கும் குழுக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

1860ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'அடிமைப் பட்டியல்' என்று தனியாக ஒரு படிவம் இருந்தது. அதன் ஸ்கேன் பிரதி இன்று இணையத்தில் கிடைக்கிறது. திறந்து பார்த்தால் இடது ஓரத்தில் உரிமையாளரின் பெயர், நல்ல சாய்வெழுத்தில். அதற்குப் பக்கத்தில் வரிசையாக இப்படிப் போகும்: 35, ஆண், கறுப்பு. 30, பெண், கறுப்பு. 8, பெண், கலப்பு. 1, ஆண், கறுப்பு. அடுத்த கட்டங்களில் தப்பியோடியவரா, விடுவிக்கப்பட்டவரா, காது கேளாதவரா, பார்வையற்றவரா. கடைசிக் கட்டத்தில் அவர்கள் குடியிருந்த குடிசைகள் எத்தனை. பெயருக்கென்று ஒரு கட்டமே கிடையாது. மிகச் சில கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) மட்டும் எழுத்தர் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார். மற்றபடி அந்த ஆண்டு அடிமைத்தனத்தில் இருந்த சுமார் 39.5 லட்சம் பேரும் வயதும் நிறமுமாகத்தான் பதிவாகியிருக்கிறார்கள்.

அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்று பாட்டனுக்குப் பாட்டன் பெயரைத் தேடிப் புறப்பட்டால் முட்டி நிற்கிற இடம் இதுதான். 1870 கணக்கெடுப்பில்தான் முன்னாள் அடிமைகள் எல்லோரும் முதல்முறையாகப் பெயரோடு வருகிறார்கள். ஆய்வு செய்கிறவர்கள் இதை '1870 சுவர்' என்பார்கள். அந்தச் சுவரைத் தாண்டுவது எப்படி, தாண்டிக் கண்டெடுத்ததைக் காப்பாற்றுவது எப்படி, அதற்கு ஒரு குழுவை எப்படி நடத்துவது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அமெரிக்கத் தென்மாநிலங்களை வைத்தே சொல்கிறேன். இந்த வேலையில் ஆவணமும் அனுபவமும் அங்கே நிறைய இருக்கின்றன. அந்தப் பக்கம் குடியிருக்கிற தமிழர்கள் உள்ளூர்க் குழுக்களோடு சேர்ந்து உழைக்கலாம். மதுரையில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலையும் ஒன்று உண்டு, நடுவில் வரும்.

ஒரு சொல்லைப் பற்றி முதலிலேயே பேசிவிடலாம். இந்தக் குழுக்களில் 'அடிமை' என்று ஒருவரைச் சொல்வதைத் தவிர்க்கிறார்கள், 'அடிமைப்படுத்தப்பட்டவர்' என்பார்கள். தமிழில் அது நீளம்தான், வாயில் சட்டென்று வராது. ஆனால் ஒரு வம்சாவளியினர் முன்னால் உட்கார்ந்து அவருடைய பூட்டியைப் பற்றிப் பேசும்போது வித்தியாசம் புரியும். அடிமை என்பது அந்த அம்மாவின் அடையாளம் ஆகிவிடுகிறது. மற்றது அவருக்கு யாரோ செய்த ஒன்று.

தனியாளால் ஏன் முடியாது

வட கரோலினாவில் ஃபெல்ப்ஸ் ஏரிக்கரையில் சோமர்செட் பிளேஸ் என்று ஒரு பழைய தோட்டம். 1786இல் 80 ஆப்பிரிக்கர்களை நேராகக் கப்பலில் கொண்டுவந்து, ஏரியிலிருந்து ஸ்கப்பர்னாங் ஆறு வரை 6 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டவைத்தார்கள். 1865 வரை, 3 தலைமுறை காலின்ஸ் குடும்பத்தின் கீழ், அங்கே 800க்கும் மேற்பட்டோர் அடிமைகளாக வாழ்ந்து உழைத்தார்கள்.

1977இல் டோரதி ஸ்ப்ரூயில் ரெட்ஃபோர்டு என்ற பெண், தன் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடி இறங்கினார். நாம் எங்கிருந்து வந்தோம் என்பதுதான் கேள்வி. அவர் வரலாற்றுப் பேராசிரியர் அல்ல, சமூகநலத் துறை ஊழியர். நீதிமன்றப் பத்திர அறைகளிலும் மாநில ஆவணக் காப்பகத்திலும் ஏறக்குறைய 10 ஆண்டுகள் தேடினார். தன் குடும்பத்துக்காகத் தொடங்கியவர் 21 குடும்பக் கிளைகளின் வழியைக் கண்டுபிடித்துவிட்டார். 1986 ஆகஸ்ட் 30 அன்று அந்தத் தோட்டத்துக்கே எல்லோரையும் வரச்சொன்னார். 2,000 பேருக்கு மேல் வந்தார்கள். பின்னாளில் அவரே அந்த இடத்தின் நிர்வாகியும் ஆனார்.

தன் கிளையை மட்டும் தேடப்போனவருக்கு 21 கிளை கிடைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அடிமைப்படுத்தப்பட்டவர்கள் ஆவணத்தில் குடும்பமாக வருவதில்லை, சொத்தாக வருகிறார்கள். உரிமையாளர் செத்தால் அவருடைய சொத்துப் பட்டியலில் கோவேறு கழுதைக்கும் செப்பு அண்டாவுக்கும் நடுவில் 60 பேர் ஒரே தாளில் இருப்பார்கள். அதில் ஒருவரைத் தேடுகிறவர் 60 பேரையும் படித்தே ஆகவேண்டும். ஒரு குடும்பத்தை மட்டும் தேடினால் கைக்கு வராது. தோட்டத்தையே தேடினால் குடும்பம் தானாக வரும். அந்தத் தாளில் இருக்கிற இன்னொருவரின் வழிவந்தவர் சிகாகோவில் ஒரு பைபிளின் கடைசிப் பக்கத்தில் உங்களுக்கு வேண்டிய பிறந்த தேதியை வைத்திருக்கலாம்.

அதனால் குழு தொடங்கும்போது ஒரு குடும்பப்பெயரை வைத்துத் தொடங்காதீர்கள். ஓர் இடத்தை வைத்துத் தொடங்குங்கள்: ஒரு தோட்டம், ஒரு தேவாலயம், ஓர் இடுகாடு, அல்லது ஒரு கப்பல். அலபாமாவில் க்ளோடில்டா வம்சாவளியினர் சங்கம் கப்பலை வைத்து நிற்கிறது. அடிமை இறக்குமதி 1808இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அதையும் மீறி 1860இல் 110 பேரை மொபைல் நகருக்குக் கடத்திவந்த கப்பல் அது. தடயத்தை அழிக்க அதைக் கொளுத்தி ஆற்றில் மூழ்கடித்தார்கள். விடுதலைக்குப் பிறகு ஊர் திரும்பக் காசில்லாமல், அங்கேயே நிலம் வாங்கி ஆப்பிரிக்காடவுன் என்ற ஊரை அமைத்தார்கள். கப்பல் வந்த கதையை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வெளியில் பலர் கட்டுக்கதை என்றார்கள். 2019 மே மாதம் சேற்றுக்குள் கிடந்த சிதைவு அந்தக் கப்பல்தான் என்று உறுதியானது. 2023 ஜூலையில் ஊரிலேயே ஒரு பாரம்பரிய இல்லமும் திறந்தாயிற்று.

முதல் வேலை: வயதானவர்களிடம் உட்காருவது

ஆவணக் காப்பகம் எங்கேயும் ஓடிப்போகாது. 90 வயதுப் பாட்டி அப்படியில்லை. எனவே முதல் 3 மாதம் இதற்கே போகட்டும்.

'உங்கள் முன்னோர் யாருக்கு அடிமையாக இருந்தார்கள்' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுபோகும். பல வீடுகளில் இதைப் பேசாமல் விட்டதுதான் பிள்ளைகளைக் காப்பாற்றிய வழி. சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். அரிசியை எப்படிச் சமைப்பீர்கள், யார் சொல்லித்தந்தது, அவரை எல்லோரும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவர் எந்த தேவாலயத்தில் பாடினார், எங்கே புதைத்தார்கள். வீட்டில் செல்லமாகக் கூப்பிடும் வீட்டுப்பெயரைக் கட்டாயம் கேட்க வேண்டும். கணக்கெடுப்பு எழுத்தர் பல நேரம் வீட்டுப்பெயரைத்தான் எழுதிக்கொண்டு போயிருப்பார். அப்புறம், பழைய இறுதிச்சடங்கு அச்சுத்தாள்கள். கறுப்பின தேவாலயங்களில் இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, இருக்கிறவர் இறந்தவர் உறவு எல்லாம் போட்டு அச்சடித்துத் தருவார்கள். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அதைச் சேர்த்து வைத்திருக்கிற பெரியம்மா ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். அந்த டப்பாதான் உங்கள் முதல் காப்பகம்.

பாட்டு வந்தால் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக்கில் அமீலியா டாவ்லி என்ற, குல்லா கீச்சி எனப்படும் கடலோர ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண் பாடிய பாட்டு ஒன்றை மொழியறிஞர் லொரென்சோ டவ் டர்னர் 1930களில் பதிவு செய்தார். பாடியவருக்கே பொருள் தெரியாது, அம்மா பாடியது என்றுதான் தெரியும். பல ஆண்டு கழித்து சியரா லியோனைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் அது மெண்டே மொழி என்று கண்டுகொண்டார். தேடிக்கொண்டு போனால் செனெஹுன் ன்கோலா என்ற சிற்றூரில் பெண்டு ஜபாட்டி என்ற பெண் ஏறக்குறைய அதே பாட்டைப் பாடுகிறார், இறந்தவருக்கான சடங்கில் பாடுவது என்று சொல்கிறார். 1997இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தார். சொல் மறந்து, பொருள் மறந்து, ராகத்தைப் பிடித்துக்கொண்டு கடலைத் தாண்டி வந்திருக்கிறது ஓர் ஒப்பாரி. இலங்கையில் புத்தளம் பக்கம் சிரம்பியடியவில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் இன்றும் மாஞ்சா என்ற பாட்டுகளைப் பாடுகிறார்கள், போர்த்துகீசியக் கிரியோல் சொற்களில். அங்கேயும் பேச்சில் மங்கிப்போன மொழி பாட்டில்தான் நிற்கிறது.

பதிவு செய்யும்போது இரண்டு இடத்தில் சேமியுங்கள், ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள், ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ஒலியின் முதல் நிமிடத்தில் யார், எங்கே, எந்தத் தேதி என்று சொல்லிவிட்டால் 20 ஆண்டு கழித்து கேட்கிறவர் வாழ்த்துவார்.

1870 வரை பின்னோக்கி

இது சுலபமான பகுதி. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 72 ஆண்டு கழித்துத்தான் கணக்கெடுப்பை வெளியிடுவார்கள் என்பதால் இப்போதைக்கு 1950 வரை திறந்திருக்கிறது. அதிலிருந்து பத்துப் பத்து ஆண்டாகப் பின்னால் வாருங்கள். 1900 கணக்கெடுப்பில் பிறந்த மாதம், தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு எத்தனை என்பதும் உண்டு. 1890 பெரும்பாலும் 1921 தீவிபத்தோடு போயிற்று, ஆகவே 1900க்கும் 1880க்கும் நடுவில் 20 ஆண்டு இருட்டு. இறப்புச் சான்றிதழையும் திருமணப் பதிவையும் வைத்து அதை ஒட்டவேண்டும்.

1870க்கு வந்ததும் அவசரப்பட்டு 'இவர் முன்பு அடிமை' என்று எழுதிவிடாதீர்கள். 1860இல் கிட்டத்தட்ட 4.88 லட்சம் கறுப்பினத்தவர் சுதந்திரமாக இருந்தார்கள், அவர்களுடைய பெயர் 1850, 1860 பொதுக் கணக்கெடுப்பிலேயே இருக்கும். முதலில் அங்கே தேடுங்கள்.

சுவரைத் தாண்டுவது

இங்கேதான் நேரம் போகும்.

முதல் தவறு எல்லோரும் செய்வது: குடும்பப்பெயர் ஜோன்ஸ் என்றால் உரிமையாளரும் ஜோன்ஸ்தான் என்று நினைப்பது. பலர் கடைசி உரிமையாளர் பெயரை எடுக்கவில்லை. முந்தைய உரிமையாளர் பெயரை, தகப்பன் இருந்த தோட்டத்தின் பெயரை, அல்லது தாங்களே விரும்பிய பெயரை வைத்துக்கொண்டார்கள். பெயரை ஒரு துப்பாக வைத்துக்கொள்ளலாம், சான்றாக வேண்டாம்.

சுவரில் கதவு எங்கே என்றால் 1865க்கும் 1875க்கும் நடுவில். விடுதலை பெற்றவர்கள் தங்கள் வாயால் சொல்லி, யாரோ எழுதிக்கொண்ட ஆவணங்கள் அவை. விடுதலை பெற்றவர்களுக்காக அரசு அமைத்த பணியகம் (ஃப்ரீட்மென்ஸ் பீரோ) 1865இலிருந்து 1872 வரை நடந்தது. உணவுப் பங்கீடு, கூலி ஒப்பந்தம், திருமணம், புகார் எல்லாம் அதன் பதிவேடுகளில் கிடக்கின்றன. தன்னார்வலர்கள் உட்கார்ந்து சுமார் 18 லட்சம் பெயர்களை 2016க்குள் அகரவரிசைப்படுத்திவிட்டார்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் காசில்லாமல் தேடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, விடுதலை பெற்றவர்களுக்கென்று இருந்த ஃப்ரீட்மேன்ஸ் வங்கியின் கணக்குப் பதிவேடு. வங்கி 1865இல் தொடங்கி 1874இல் மூழ்கிவிட்டது, பாடுபட்டுச் சேர்த்த காசு பலருக்குப் போயிற்று. ஆனால் கணக்கு தொடங்கும்போது ஆளை அடையாளம் காண ஒரு படிவம் நிரப்பினார்கள். பிறந்த இடம், வளர்ந்த இடம், தொழில், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், அண்ணன் தம்பி அக்காள் தங்கை பெயர். ஆரம்பகாலப் படிவங்களில் பழைய எஜமானர், தோட்டத்தின் பெயர்கூட உண்டு. கேட்ட கேள்விக்கு 'அம்மா விற்கப்பட்டார், எங்கே என்று தெரியாது' என்கிற மாதிரி பதில்களும் அதில் வரும். மொத்தம் 4.8 லட்சம் பெயர்கள். பணம் திரும்பவில்லை, பெயர்கள் திரும்பின.

அடுத்தது போர்வீரர் ஓய்வூதியக் கோப்பு. உள்நாட்டுப் போரில் வடமாநிலங்களின் ஒன்றியப் படையின் கறுப்பினப் பிரிவுகளில் சுமார் 1.79 லட்சம் பேர் இருந்தார்கள். வீரர் இறந்தபின் மனைவி ஓய்வூதியம் கேட்டால் திருமணத்தை நிரூபிக்கச் சொல்வார்கள். அடிமைகளின் திருமணத்துக்குச் சட்ட மதிப்பே இல்லாதபோது சான்றிதழுக்கு எங்கே போவது? அக்கம்பக்கத்தார் வந்து சாட்சி சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் இன்னாருடைய ஆட்கள், கல்யாணம் இன்ன கிறிஸ்துமஸ் சமயம் நடந்தது, நான் கூட இருந்தேன் என்று. ஒரே கோப்பில் நாலைந்து பேருடைய வாழ்க்கை கிடைக்கும். இவை பெரும்பாலும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் காகிதமாகவே இருக்கின்றன. பிரதிக்குக் காசு கட்டவேண்டும். குழுவாகச் சேர்ந்து கட்டினால் பாரம் தெரியாது.

நியூ ஆர்லியன்ஸில் வெளிவந்த மெத்தடிஸ்ட் பத்திரிகை ஒன்றில் 'தொலைந்த நண்பர்கள்' என்று ஒரு பத்தி 1870களின் கடைசியில் தொடங்கியது. சந்தாதாரருக்கு இலவசம், மற்றவருக்கு 50 சென்ட். விற்கப்பட்டுப் பிரிந்த அம்மாவை, தம்பியைத் தேடி எழுதுவார்கள். போதகர்கள் அதைப் பிரசங்க மேடையில் வாசிக்கவேண்டும் என்று பத்தியின் தலைப்பிலேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பல கடிதங்களில் யார் யாரிடம் விற்றார் என்ற சங்கிலியும் இருக்கும். நகரின் வரலாற்றுச் சேகரிப்பு நிறுவனம் இவற்றைத் தேடக்கூடிய வகையில் இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரே நாளில் நிறையப் படிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

உரிமையாளர் யாரென்று தெரிந்துவிட்டதா? சரி, இனி அவருடைய குடும்பத்தின் வம்சாவளியை நீங்கள் எழுதவேண்டும். விருப்பமில்லாத வேலைதான், ஆனால் தப்ப முடியாது. வர்ஜீனியா 1662இலேயே சட்டம் போட்டது: பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. மற்ற காலனிகளும் அதையே பின்பற்றின. ஆகவே ஆவணத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்திருப்பார்கள், தகப்பன் பெரும்பாலும் வேறொரு தோட்டத்தில், வேறொருவர் தாளில். உரிமையாளரின் மகளுக்குக் கல்யாணம் ஆனால் சீதனமாக ஒரு சிறுமியை அனுப்புவார்கள். மகளின் பெயர் கணவன் பெயராக மாறிவிடும், சிறுமியின் தடமும் அங்கே போய்விடும். எனவே உயில், சொத்துப் பட்டியல், கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம் இவற்றைப் பார்க்கும்போது மகன்களைவிட மகள்களை விடாமல் பின்தொடருங்கள்.

ஆண்டுவாரியாக எல்லாத் தாள்களையும் ஒரே விரிதாளில் ஏற்றுங்கள். ஒரு வரிக்கு ஒருவர்: பெயர், வயது, யாரோடு சேர்த்து எழுதப்பட்டார், போட்ட விலை, ஆவணத்தின் பெயர், பக்க எண். 1838இல் மேரிலாந்தின் யேசு சபையினர் ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்க 272 பேரை 1,15,000 டாலருக்கு விலைபேசி, லூயிசியானா தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். அந்த ஒப்பந்தத்தின் முதல் வரியில் ஐசக், வயது 65. அவருடைய மூத்த மகன் சார்லஸ், 40. மகள் நெல்லி, 38. பட்டியலில் கொஞ்சம் கீழே கார்னீலியஸ், வயது 13. அந்தப் பையனை லூயிசியானா தேவாலயப் பதிவுகளிலும் கணக்கெடுப்பிலும் தொடர்ந்துபோய், மாரிங்குயின் என்ற ஊரின் கத்தோலிக்க இடுகாட்டில் அவருடைய கல்லறையையே கண்டுவிட்டார்கள். வம்சாவளியினர் அந்த இடுகாட்டுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள், கீழே கிடப்பவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாமல். ஜார்ஜ்டவுனில் விற்றவரின் பெயரில் இருந்த கட்டடத்துக்கு 2017இல் ஐசக் ஹாக்கின்ஸ் பெயரை வைத்தார்கள். இன்று வம்சாவளியினருக்கென்று சங்கமும் தேடக்கூடிய தரவுத்தளமும் இருக்கின்றன.

இதைப் படிக்கும்போது எனக்கு நம்மவர்கள் நினைவும் வரும். ஒப்பந்தக் கூலியாக மொரீசியஸுக்கும் நெட்டாலுக்கும் போனவர்களுக்கு எண், பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று பதிவு இருக்கிறது. மொரீசியஸில் பலருக்கு புகைப்படம்கூட. பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல, ஆனால் பேரன் வந்து கேட்டால் காட்ட ஒரு பக்கம் இருக்கிறது. அதே மொரீசியஸில் 1835இல் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க, மலகாசி அடிமைகளுடைய பிள்ளைகள் ஊர்ப்பெயர் தெரியாமல் நிற்கிறார்கள்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை

மேலே சொன்ன பணியகத்தின் கடிதங்களும் பதிவேடுகளும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் படியெடுப்பு மையத்தில் பக்கம் பக்கமாகத் திறந்திருக்கின்றன. எந்த நாட்டிலிருந்தும் சேரலாம். ஒருவர் தட்டச்சு செய்வார், இன்னொருவர் சரிபார்ப்பார். பழைய ஆங்கிலக் கையெழுத்து படிக்கப் பொறுமை இருந்தால் போதும்.

நான் முதல் வாரம் செய்த கூத்தைச் சொல்கிறேன். ஒரு கூலிப் பட்டியலில் ஊர்ப்பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில் 'டி ஓ' என்ற இரண்டு எழுத்து வரிசையாக வந்தது. டோ என்று ஓர் ஊர் போலிருக்கிறது என்று 14 வரிக்கு அப்படியே அடித்துவைத்தேன். சரிபார்த்தவர் பொறுமையாகத் திருத்தியிருந்தார்: அது 'டிட்டோ'வின் சுருக்கம். நம்மூர்ப் பழைய பத்திரங்களில் 'ஷை' என்று போடுவார்களே, மேற்படி என்பதற்கு, அதேதான். இன்னொன்று, இரட்டை 'எஸ்' வரும் இடத்தில் முதல் எழுத்தை 'எஃப்' போல நீட்டி எழுதுவார்கள். ஜெஸ்ஸி என்பவர் ஜெஃப்ஸி ஆகிவிட்டால் அவருடைய பேத்தி தேடும்போது கிடைக்கமாட்டார். தெரியாத சொல்லுக்கு அதற்கான குறியைப் போட்டுவிட்டுப் போங்கள், ஊகம் வேண்டாம்.

இடுகாடு

எழுத்தில் இல்லாதது பல நேரம் மண்ணில் இருக்கும். தோட்டத்து இடுகாடுகளுக்குச் செதுக்கிய கல் அபூர்வம். குளிர்காலத்தில், இலை உதிர்ந்தபின் போங்கள். ஆள் நீளத்துக்கு வரிசையாகத் தரை அமுங்கியிருக்கும், பெரும்பாலும் கிழக்கு மேற்காக. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சாதாரணக் கல். காட்டுக்குள் சம்பந்தமே இல்லாமல் வின்கா கொடி படர்ந்திருக்கும், யக்கா செடி நிற்கும், வயதான சிடார் மரம் இருக்கும். கடலோர ஊர்களில் வெண்சிப்பி, உடைந்த தட்டு, விளக்கு. அதைக் குப்பை என்று பொறுக்கி எறிந்த தன்னார்வலர்கள் உண்டு. இறந்தவர் கடைசியாகப் புழங்கிய பொருளை மேலே வைக்கிற வழக்கம் அது. எதையும் நகர்த்தக்கூடாது, படம் எடுத்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலம் யாருடையது என்று பார்த்து அனுமதி வாங்கியபின்தான் உள்ளே போகவேண்டும். கல்லை பிளீச் போட்டோ கம்பி பிரஷ்ஷாலோ தேய்க்காதீர்கள். தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். புதைகுழிகளைத் தோண்டாமல் கண்டறிய நிலம் ஊடுருவும் ரேடார் இருக்கிறது. பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறையைக் கேட்டால் மாணவர் பயிற்சியாகச் செய்துதரக்கூடும்.

வம்சாவளியினரைக் கேட்காமல் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் சாட்சி. 1991இல் மன்ஹாட்டன் பிராட்வேயில் அரசுக் கட்டடத்துக்குத் தோண்டியபோது 17, 18ஆம் நூற்றாண்டுகளின் ஆப்பிரிக்க இடுகாடு வெளிப்பட்டது. வேலை நிற்கவில்லை, எலும்புகள் அவசரமாக எடுக்கப்பட்டன. கறுப்பின மக்கள் தெருவில் இறங்கியபின் 1992இல்தான் தோண்டுவது நின்றது. ஆய்வு ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் கைக்கு மாறியது. 419 பேரின் எச்சங்களைக் கானாவில் கையால் செதுக்கிய பெட்டிகளில் வைத்து 2003 அக்டோபரில் அதே இடத்தில் திரும்ப அடக்கம் செய்தார்கள். 2006இல் அது தேசிய நினைவிடம்.

டிஎன்ஏ

'உங்களுக்கு இத்தனை சதவீதம் நைஜீரியா' என்று வரும் வரைபடம் பார்க்க நன்றாக இருக்கும், ஆய்வுக்குப் பெரிதாக உதவாது. உதவுவது உறவுப் பொருத்தப் பட்டியல். தோட்டத்தின் இரண்டு கிளைகளிலிருந்து நாலு பேர் பரிசோதித்து, அவர்களுக்குள் பொருத்தம் விழுந்தால், தாளில் இல்லாத சகோதர உறவு தெரியவரும். குடும்பத்தில் இருப்பவர்களிலேயே மூத்த தலைமுறையினர் பரிசோதனை செய்வது நல்லது. மேரிலாந்தில் கடோக்டின் இரும்பு உலையில் உழைத்து அங்கேயே புதைக்கப்பட்ட 27 பேரின் டிஎன்ஏவை 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்தின் வாடிக்கையாளர் தரவோடு ஒப்பிட்டு 41,799 உறவினரைக் கண்டதாக 2023இல் ஆய்வு வந்தது. அதே நிறுவனத்தில் அதே ஆண்டு தகவல் திருட்டு நடந்தது, 2025இல் திவால் மனு கொடுத்தது. இரண்டையும் உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். யாரையும் வற்புறுத்த வேண்டாம். எதிர்பாராத வெள்ளைக்கார உறவோ, அப்பா வேறு என்பதோ தெரியவரலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உரிமையாளர் குடும்பத்துக்குக் கடிதம்

பரண்மேல் கிடக்கிற கணக்குப் புத்தகம் அவர்களிடம்தான் இருக்கும். முதல் கடிதத்தில் மன்னிப்பு கேட்கச் சொல்லாதீர்கள், வரலாறும் நடத்தாதீர்கள். இன்ன தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் வம்சாவளியினர் நாங்கள், 1865க்கு முந்தைய கணக்கு, பைபிள், கடிதம் ஏதாவது இருந்தால் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா என்று நாலு வரி போதும். ஸ்கேனரை நாங்களே கொண்டுவருகிறோம் என்பதையும் சேருங்கள். இரு தரப்பு வம்சாவளியினரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க 2006இலிருந்து 'கமிங் டு தி டேபிள்' என்ற அமைப்பு வேலை செய்கிறது, உள்ளூர்க் கிளைகள் உண்டு.

பதவியும் பணமும்

பாதிக் குழுக்கள் உடைவது இங்கேதான். 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பதிவு நன்கொடைக்கு உதவும், ஆனால் முதல் ஆண்டே அதற்கு ஓடவேண்டாம். அதற்கு முன் மூன்று விஷயத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: யார் உறுப்பினர், ஸ்கேன்கள் யாருடையவை, குழு கலைந்தால் அவை எந்த நூலகத்துக்குப் போகும். உறுப்பினராக ஆவணச் சான்று கட்டாயமா என்பதில் சண்டை வரும். சான்று கேட்கிற வம்சாவளிச் சங்கங்கள் தனியாக இருக்கின்றன. அவற்றில் சேர விண்ணப்பம் நிரப்புவதே நல்ல ஆய்வுப் பயிற்சி. ஆனால் ஒரு தோட்டத்துக் குழு அப்படிக் கறாராக இருக்கக்கூடாது என்பது என் எண்ணம். சான்றை அழித்தவர்களின் பிழைக்குப் பேரனை வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்? 1977இல் வாஷிங்டனில் தொடங்கிய ஆப்ரோ அமெரிக்க வரலாற்று வம்சாவளிச் சங்கத்துக்குப் பல மாநிலங்களில் கிளைகள் இருக்கின்றன. புதிய குழு முதலில் அந்தக் கூட்டங்களுக்குப் போய் உட்காருவது நல்லது.

அருங்காட்சியகம் ஆக்கப்பட்ட தோட்டம் உங்களை 'ஆலோசனைக் குழு'வுக்கு அழைத்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: நிர்வாகக் குழுவில் எத்தனை இடம்? வர்ஜீனியாவில், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜேம்ஸ் மேடிசனின் தோட்டமான மான்ட்பீலியரில் 2021இல் வம்சாவளியினருக்குச் சம பங்கு என்று ஒப்புக்கொண்டார்கள். 2022 மார்ச்சில் நிர்வாகக் குழு பின்வாங்கியது. நாடு முழுதும் எதிர்ப்பு கிளம்பி, மே மாதம் வம்சாவளியினர் குழு பரிந்துரைத்தவர்கள் நிர்வாகத்துக்குள் வந்தார்கள். வாய்வார்த்தை போதாது, விதிமுறையில் ஏறவேண்டும்.

ஊர்க்கூடல்

குலதெய்வக் கோயிலுக்கு ஆண்டுக்கொருமுறை எங்கெங்கிருந்தோ பங்காளிகள் வந்து சேருவார்களே, அந்தக் காட்சிதான். ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு, ஓடுகிற பிள்ளைகள், யார் யாருக்கு என்ன முறை என்று விசாரிக்கிற கிழவிகள். அதற்குத் தேதி ஓர் ஆண்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஜூன் 19ஐ ஒட்டி வைக்கிறவர்கள் அதிகம்; 1865இல் டெக்சஸின் கால்வெஸ்டனில் விடுதலை அறிவிக்கப்பட்ட நாள், 2021 முதல் தேசிய விடுமுறை.

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலேயே ஸ்கேனர் மேசை. படம், பைபிள், அச்சுத்தாள் எதைக் கொண்டுவந்தாலும் அங்கேயே ஸ்கேன் எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் எடுத்துத் தருகிறேன் என்று வாங்கிய பொருள் திரும்பிவராமல் நட்பு முறிந்த கதைகள் ஏராளம். சுவரில் பெரிய தாளில் கொடிவழியை ஒட்டி, பக்கத்தில் பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா வேண்டாம், நிறைய அடித்தல் திருத்தல் வரும்.

சாயங்காலம் பெயர் வாசிப்பு. வயதில் மூத்தவர் கையில் ஒரு சொம்புத் தண்ணீர். பட்டியலிலிருந்து ஒரு பெயர் வாசிப்பார்கள், அவர் தரையில் கொஞ்சம் தண்ணீர் விடுவார், கூட்டம் 'ஆஷே' என்று சொல்லும். யொரூபாச் சொல், அப்படியே ஆகட்டும் என்கிற மாதிரி. எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பழகிய நமக்கு விளக்கம் தேவைப்படாது. வாசிக்கிறவர்களை முதல்நாளே பழகவைத்துவிடுங்கள், பெயரில் தடுமாறக்கூடாது. பிள்ளைகளும் வாசிக்கட்டும், தங்கள் வயதுக்காரர் பெயரை. 8 வயதுப் பெண் வாசிப்பதற்கு 8 வயதில் பட்டியலில் ஏறிய ஒருத்தி இருப்பாள்.

ஒரு சிக்கல் எல்லாக் குழுவுக்கும் வரும். சொத்துப் பட்டியலில் சில வரிகளில் தாய் பெயருக்குக் கீழே 'கைக்குழந்தை' என்று மட்டும் இருக்கும், விலையோடு. அடுத்த பட்டியலில் அந்தக் குழந்தை இருக்காது. அதைத் தாண்டிப் போகலாமா, வாசிக்கலாமா என்று கூட்டத்தில் விவாதிப்பீர்கள். வாசியுங்கள். 'ஹன்னாவின் பிள்ளை' என்று சொல்லி, அதற்கும் தண்ணீர் விடுங்கள்.